சிம்னி தெரியாத நாலு நாள்

அப்படித் திட்டாதீங்க தம்பி. "வானிலை ஆபீசுல உக்காந்திருக்கிறவனுக்கு ஒரு ஜன்னல் கூடவா இல்ல"ன்னு போன்ல யார்கிட்டயோ சொன்னீங்க பாருங்க, அது என் காதுல விழுந்துருச்சு. ஒட்டுக் கேக்கலைங்க. ரெண்டு நாற்காலி தள்ளி உக்காந்துக்கிட்டு அவ்வளவு சத்தமாப் பேசினா யாருக்கும் கேக்கத்தான் செய்யும். ஜன்னல் இருக்குதுங்க. எங்க ஆபீசுல மூணு ஜன்னல். ஆனா ஜன்னல் வழியாப் பார்த்து எழுதக் கூடாது, அதுதான் விதி. எந்திரிச்சு வெளிய போய், நிக்க வேண்டிய இடத்துல நின்னு, பார்க்க வேண்டியதைப் பார்த்து எழுதணும். முப்பத்தி நாலு வருஷம் நான் பண்ணின வேலை அதுதான்.

என் பேரு சென்னியப்பன். பொண்ணைப் பார்க்க மும்பைக்குப் போறேன். வானிலை சரியில்லைன்னு, விமானம் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம்னு போர்டுல போட்டிருக்கான். அவன் ஒரு மணின்னா நாம ஒண்ணரைன்னு வச்சுக்கணும். இப்படிப் பக்கத்துல வாங்க, பையைக் கீழ வைங்க. உங்களுக்கு நேரம் போகணும், எனக்கும் மனசுல ஒண்ணு கிடக்குது. தெய்வானைன்னு ஒரு பொண்ணு எனக்குப் பண்ணின காரியத்தை நீங்க கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க.

இப்பெல்லாம் பைலட்டுக கையில ஒரு பலகை வச்சிருக்காங்க, விரலால தள்ளினா மேகம், காத்து, மழை எல்லாம் வந்து நிக்குது. எங்க காலத்துல அப்படிக் கிடையாது. மேல போகணும்னா பைலட்டு நேர்ல எங்க கவுண்டருக்கு வரணும். ப்ரீஃபிங் கவுண்டர்னு பேரு. டெலிபிரிண்டர்ல எல்லா ஊர்ல இருந்தும் நம்பர் நம்பரா வந்து விழும். அதை நாங்க மேப்புல பென்சிலால வரைஞ்சு வச்சிருப்போம். பைலட்டு வந்து நின்னதும், இங்க காத்து இத்தனை, இந்தப் பக்கம் மேகம் இத்தனை உயரம், கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரியுதுன்னு வாயால சொல்லுவோம். அவர் கேட்டுக்கிட்டு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழாம ஒரு விமானம் நகராது. எவ்வளவு பெரிய கேப்டனா இருந்தாலும் என் கவுண்டர் முன்னாடி தொப்பியைக் கழட்டி வச்சுட்டுத்தான் நிப்பாங்க. புழுக்கத்துக்குக் கழட்டறாங்கன்னு லூர்துசாமி சொல்லுவான். அவன் பேச்சை விடுங்க.

லூர்துசாமி யாருன்னு சொல்லணுமில்ல. அது ஒரு சின்ன ஏரோடிரோம். பேரு எதுக்குங்க, இப்ப அங்க பெரிய பெரிய விமானமெல்லாம் இறங்குது. அன்னைக்கு வாரத்துக்கு மூணு பயணிகள் விமானம், மத்த நேரமெல்லாம் விமானம் ஓட்டச் சொல்லிக் குடுக்கற ஃப்ளையிங் கிளப்பு, அவ்வளவுதான். எங்க ஆபீசுல கவுண்டர் பார்க்கறது ரெண்டே பேரு. காலையில நான், மதியத்துல இருந்து லூர்துசாமி. எங்களுக்குள்ள ரெண்டு வருஷமாப் பேச்சு கிடையாது. காரணம் ஒரு மேகம். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். டியூட்டி மாத்தற நேரத்துல மேற்கால ஒரு மேகம் நின்னுச்சு. நான் அதைப் பரப்பு மேகம்னு எழுதினேன். அவன் பத்து நிமிஷம் கழிச்சு வந்து குவியல் மேகம்னு எழுதிட்டான். மேகம் பத்து நிமிஷத்துல மாறாதுங்களான்னு நீங்க கேக்கலாம். மாறும். ஆனா அந்த மேகம் மாறல. அன்னைக்கு விட்டதுதான் பேச்சு. அவன் வருவான், நான் எந்திரிப்பேன், நாற்காலி கைமாறும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். தூரம் தெரியறதை எப்படி அளக்கறோம்னு நினைக்கறீங்க? மீட்டர் கிடையாது, மெஷின் கிடையாது. கண்ணுதான். ஆபீஸ் சுவத்துல ஒரு பட்டியல் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். ரயில்வே கேட்டு, ஆயிரம் மீட்டர். தண்ணி டேங்கு, ரெண்டாயிரத்து ஐந்நூறு. மாதா கோயில் கோபுரம், நாலாயிரம். பழைய பஞ்சாலைச் சிம்னி, ஐயாயிரம். அதோட பட்டியல் முடிஞ்சுது. வெளிய நின்னு பார்க்கணும். எது வரைக்கும் தெரியுதோ அதை எழுதணும். சிம்னி தெரிஞ்சா ஐயாயிரம், அதுக்கு மேல எவ்வளவுன்னு நம்ம அனுபவம். சிம்னி தெரியலைன்னா நாலாயிரம். இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல, யோசிக்கவும் கூடாது. அன்னைக்கு வரைக்கும் பத்தொன்பது வருஷம் நான் எழுதின அவதானிப்புல ஒரு பிழை கிடையாதுங்க. தலைமை ஆபீஸ்ல இருந்து வருஷா வருஷம் பிழைப் பட்டியல் வரும். லூர்துசாமி பேருக்கு நேரா ஏழு, எட்டுன்னு இருக்கும். என் பேருக்கு நேரா ஒரு கோடு இழுத்திருக்கும். அந்தக் கோட்டைப் பார்க்கறதுக்காகவே நான் மார்ச் மாசத்தை எதிர்பார்த்துக்கிட்டு இருப்பேன்.

எண்பத்தி நாலு, மாசி மாசம். ஞாயித்துக்கிழமை லீவு போட்டுட்டு தங்கச்சி பொண்ணுக்குக் காதுகுத்துன்னு தாராபுரம் போயிட்டேன். திங்கக்கிழமை காலையில டியூட்டி. ஏழரைக்கு வெளிய போய் நின்னேன். ரயில்வே கேட்டு தெரிஞ்சுது. டேங்கு தெரிஞ்சுது. மாதா கோயில் தெரிஞ்சுது. சிம்னி தெரியல. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பார்த்தேன். தெரியல. உள்ள வந்து நாலாயிரம்னு எழுதினேன். மாசி மாசம் காலையில மூட்டம் போடறது சகஜம்தானுங்க.

அந்த நேரத்துக்குத்தான் தெய்வானை கவுண்டருக்கு வந்துச்சு. லாரிப் பட்டறைக்காரர் பொண்ணு. இருபத்திரெண்டு வயசு இருக்கும். கிளப்புல அது ஒண்ணுதான் பொண்ணு, மீதி எட்டும் பசங்க. ஒல்லியா இருக்கும், ஆனா அப்பன் பட்டறையில வளர்ந்த புள்ள, இஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த போல்ட்டு லூசுன்னு சொல்லும். அதுக்கு லைசென்ஸ் வாங்க ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. தன்னந்தனியா ரெண்டு ஊரைச் சுத்திக்கிட்டுத் திரும்பி வரணும், மூணு மணி நேரப் பறப்பு. வெள்ளிக்கிழமை மெட்ராஸ்ல இருந்து பரீட்சை அதிகாரி வர்றார். வியாழனுக்குள்ள அதை முடிச்சாத்தான் அவர் முன்னாடி உக்கார முடியும். தவறினா அவர் அடுத்து வர ஆறு மாசம். ஆறு மாசமெல்லாம் அப்பன் காத்திருக்க மாட்டார், பங்குனி முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துரணும்னு சொல்லி வச்சிருந்தார். மாப்பிள்ளை பார்த்தாச்சு. இதெல்லாம் எனக்கு அப்பவே தெரியும். கிளப்புல எல்லாருக்கும் தெரியும்.

தனியாப் பறக்கற மாணவங்களுக்கு ஐயாயிரம் மீட்டர் தெரியணும். அது கிளப்பு விதி. "நாலாயிரம்"னு நான் சொன்னேன். அந்தப் புள்ள என்னைப் பார்த்துச்சு, வாசல் வழியா வெளிய பார்த்துச்சு, மறுபடி என்னைப் பார்த்துச்சு. "சரிங்க சார்"னு சொல்லிட்டுப் போயிருச்சு. மதியம் போகலாமில்லன்னு நீங்க கேப்பீங்க. ஒரு மணிக்கு மேல பாலக்காட்டுக் கணவாயில இருந்து காத்து வந்து தூக்கிப் போடும், அதுக்குள்ள திரும்பி வர்ற மாதிரி கிளம்பினாத்தான் மாணவங்களை விடுவாங்க. காலையில விட்டா அன்னைக்கு இல்ல.

செவ்வாய்க்கிழமையும் சிம்னி தெரியல. நாலாயிரம்.

இதுல எனக்கு எரிச்சல் என்னன்னா, லூர்துசாமி திங்கக்கிழமை மதியமே ஆறாயிரம்னு எழுதியிருந்தான். ரிஜிஸ்டரைப் புரட்டறேன், காலையில என் கையெழுத்துல நாலாயிரம், நாலாயிரம், நாலாயிரம். அவன் உக்காந்த உடனே ஆறாயிரம். அப்படியே வேட்டியை மாத்தின மாதிரி. எனக்குப் புரிஞ்சு போச்சு. அவன் வெளிய போய்ச் சிம்னியைப் பார்க்கறதே இல்ல. உக்காந்த இடத்துல முறுக்கைக் கடிச்சுக்கிட்டு எழுதறான். ஏன்னா நானும் டியூட்டி முடிஞ்சு சைக்கிள் எடுக்கறப்போ திரும்பிப் பார்த்தேன். சிம்னி தெரியல. தெரியாத சிம்னிக்கு ஆறாயிரம் எங்கிருந்து வரும்?

ஆனாலும் நான் நியாயமானவன். ஒருவேளை குறை என் கண்ணுலதானோன்னு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கண் டாக்டர்கிட்டப் போனேன். அவர் எழுத்துப் பலகையைக் காட்டினார், கடைசி வரி வரைக்கும் படிச்சேன். "உங்க வயசுக்கு இது கழுகுக் கண்ணுங்க"ன்னார். அப்ப மூட்டம்தான்னு உறுதியாப் போச்சு.

நீங்க இப்படி ஒரு மாதிரியாப் பார்க்கறது தெரியுது. சிம்னியே இல்லையோன்னு ஏன் தோணலைன்னு கேக்கறீங்க. யாருக்குங்க தோணும்? அது நான் பொறக்கறதுக்கு முன்னாடி கட்டினது. எங்க வேலையில சிம்னி போகாது, பார்வைதான் போகும். எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அப்படித்தான்.

புதன்கிழமை கேப்டன் குரியன் வந்தார். அவர்தான் கிளப்புல சொல்லிக் குடுக்கறவர், முன்னாடி விமானப் படையில இருந்தவர், தங்கமான மனுஷன். தெய்வானை அவருக்குப் பின்னால நின்னுச்சு. அவர் என்னை வெளிய கூட்டிக்கிட்டுப் போய் வடக்கால கையை நீட்டினார். "சென்னியப்பன், மலை தெரியுது பாருங்க. மலை மேல கோயில் தெரியுது. கோயில் கொடிமரம்கூடத் தெரியுது. பதினெட்டுக் கிலோமீட்டர்."

"மலை பட்டியல்ல இல்லைங்க கேப்டன்"னு சொன்னேன்.

"பட்டியல்ல இல்லைன்னா அது மலை இல்லையா?"

"மலைதானுங்க. பெருசா இருக்கறதால தெரியுது. சிம்னி ஒல்லி, மூட்டத்துல முதல்ல மறையறது அதுதான். மில்லுப் புகை அந்தப் பக்கமே தேங்கி நிக்குதோ என்னமோ."

"மில்லு மூடி ஆறு வருஷம் ஆச்சு சென்னியப்பன்."

அதுக்கு நான் என்னங்க பண்ண? மில்லை நானா மூடினேன்? எங்க ஆபீஸ் நம்பரை மீறி மாணவங்களை அனுப்பற ஆள் இல்ல அவர், அந்த மரியாதை அவர்கிட்ட இருந்துச்சு. "நாளைக்குப் பார்க்கலாம்மா"ன்னு தெய்வானைகிட்டச் சொன்னார். அந்தப் புள்ள முகம் சுண்டிப் போச்சு. எனக்கும் வருத்தமாத்தான் இருந்துச்சுங்க, கல் நெஞ்சுக்காரன் இல்ல நான். ஆனா வருத்தத்துக்கெல்லாம் அந்தப் படிவத்துல இடம் கிடையாது.

அன்னைக்கே உக்காந்து தலைமை ஆபீசுக்கு லூர்துசாமி மேல ஒரு புகார் எழுதினேன். "மேற்படி நபர் பஞ்சாலைச் சிம்னியைப் பாராமலேயே பார்வைத் தூரம் பதிவு செய்கிறார். திங்கள் முதல் மேற்படி சிம்னி யார் கண்ணுக்கும் தெரியாத நிலையில்"ன்னு ரெண்டு பக்கம். பதிவுத் தபால்ல அனுப்பிட்டு வந்து நிம்மதியாச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை. கடைசி நாள். ஏழரைக்குப் போய் நின்னேன். சிம்னி தெரியல. சத்தியமாச் சொல்றேன் தம்பி, அன்னைக்கு அது தெரிஞ்சிரணும்னு நான் சாமியை வேண்டிக்கிட்டுத்தான் போய் நின்னேன். தெரியல. உள்ள வந்து நாலாயிரம்னு எழுதறப்போ பேனா கனத்துச்சு.

தெய்வானை வந்துச்சு. நான் நம்பரைச் சொன்னேன். வழக்கமா பைலட்டுக நம்பரைக் கேட்டுக்கிட்டுக் கையெழுத்துப் போடறதோட சரி. எதை வச்சுச் சொல்றீங்கன்னு ஒருத்தன் கேட்டது கிடையாது, பத்தொன்பது வருஷத்துல. இந்தப் புள்ள கேட்டுச்சு. "சார், எது தெரியலைங்க?"

கேட்டா சொல்றது என் கடமை. வெளிய கூட்டிக்கிட்டுப் போய் வரிசையாக் காட்டினேன். கேட்டு, டேங்கு, மாதா கோயில். "அதுக்கு வலப்பக்கம் பாரும்மா. பஞ்சாலைச் சிம்னி தெரியுதா?"

கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பார்த்துச்சு. "இல்லைங்க சார்."

"அவ்வளவுதான். உன் கண்ணுக்கே தெரியலையில்ல?"

அந்தப் புள்ள நேரா போய் அதோட மொபெட்டை எடுத்துக்கிட்டு கேட்டைத் தாண்டிப் போயிருச்சு. அழுதுக்கிட்டு ஊருக்கே கிளம்பிருச்சுன்னு நினைச்சேன். டீ வரவச்சுக் குடிச்சேன்.

ஒன்பது மணிக்குத் திரும்பி வந்துச்சு. தலையெல்லாம் புழுதி. கவுண்டருக்கு நேரா வந்து, என் மேப்பு மேல ஒரு செங்கல்லை வச்சுச்சு. பழைய காலத்துச் செங்கல், நல்லா அகலமா, ஒரு பக்கம் கரி பிடிச்சிருந்துச்சு. "சார், ஐயாயிரம் மீட்டர்"னு சொல்லுச்சு.

எனக்கு ஒண்ணும் புரியல. "மேப்பு மேல எதுக்கும்மா கல்லை வைக்கறே"ன்னு கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமையே இடிச்சுட்டாங்க சார். சாய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சாம், ஆபத்துன்னு இழுத்துத் தள்ளிட்டாங்களாம். வாட்ச்மேன் சொன்னார். ஒரு கல்லு குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

கேப்டன் குரியன் அதுக்குள்ள வந்து வாசல்ல நின்னுட்டார். ரெண்டு பேரும் என்னையே பார்க்கறாங்க. இப்ப என் நிலைமையை நீங்க யோசிச்சுப் பாருங்க தம்பி. அடையாளம் போச்சுன்னா என்ன பண்ணணும்? தலைமை ஆபீசுக்கு எழுதணும், அவங்க ஆளை அனுப்பி வேற அடையாளம் பார்த்து, சங்கிலி போட்டு அளந்து, பட்டியலைத் திருத்தி முத்திரை வச்சு அனுப்பணும். மூணு மாசம் ஆகும். அது வரைக்கும் பழைய பட்டியல்தான். பழைய பட்டியல்படி சிம்னி தெரியணும். இல்லாத சிம்னி தெரியாது. மூணு மாசத்துக்கு அந்த ஏரோடிரோம்ல நாலாயிரத்தைத் தாண்ட வழியே கிடையாது.

நான் யோசிச்சேன். இந்த இடத்துலதான் அனுபவம் பேசுது. பட்டியலை எடுத்துப் படிச்சேன். "அடையாளம் கண்ணுக்குத் தெரிந்தால்"னு போட்டிருக்கு. அந்த அடையாளம் எங்க இருக்கணும்னு போடல. செங்கல்லைப் பார்த்தேன். இது சிம்னியோட செங்கல்தானே? ஆமா. ஐயாயிரம் மீட்டர்ல இருந்துதானே வந்துச்சு? ஆமா. கண்ணுக்குத் தெரியுதா? நல்லாவே தெரியுது. கரி கூடத் தெரியுது. செங்கல்லைத் தூக்கிக்கிட்டு வெளிய போனேன், ஏன்னா உள்ள இருந்து பார்க்கக் கூடாது. நிக்க வேண்டிய இடத்துல நின்னு, அதை ஒரு கையால நீட்டிப் பிடிச்சுப் பார்த்தேன். உள்ள வந்து ஒன்பதரை மணி அவதானிப்புல ஐயாயிரம்னு எழுதினேன். குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல "அடையாளம் அருகில் வைத்துப் பார்க்கப்பட்டது"ன்னும் எழுதினேன். விதி ஒரு நூல் கூட மீறல.

கேப்டனுக்கு அப்பப் பார்த்து பயங்கரமா இருமல் வந்துருச்சு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பி நின்னுட்டார். தோளெல்லாம் குலுங்குது. தெய்வானை மட்டும் கையெழுத்துப் போட்டுட்டு, "ரொம்ப நன்றிங்க சார்"னு சொல்லிட்டு ஓடுச்சு.

பத்து மணிக்கு அந்தச் சின்ன விமானம் மேல ஏறுச்சு. அதுக்கப்புறம் எனக்கு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. பயம் வந்துருச்சுங்க. அது வரைக்கும் அத்தனை பேரை அனுப்பியிருக்கேன், ஒரு தடவை கூடப் பயந்தது இல்ல. நம்பரைச் சொல்லுவேன், அவங்க போவாங்க, நான் டீ குடிப்பேன். அன்னைக்குத்தான் தோணுச்சு, நான் சொன்ன நம்பரை நம்பி ஒரு புள்ள தனியா ஆகாசத்துல போகுதுன்னு. ஒரு செங்கல்லை நீட்டிப் பிடிச்சு எழுதின நம்பரு. மூட்டம் கீட்டம் வந்துட்டா? காத்து சீக்கிரமே கிளம்பிருச்சுன்னா? வழியில இருக்கற ரெண்டு ஊருக்கும் போனைப் போட்டு அங்க எப்படிங்க இருக்குது, எப்படிங்க இருக்குதுன்னு உயிரை எடுத்துட்டேன். "காலையில இருந்து ஆறு தடவை கேட்டாச்சு சென்னியப்பன், வானம் நல்லா இருக்குதுப்பா"ன்னு ஒருத்தர் கடுப்பாகவே சொன்னார்.

பன்னெண்டேமுக்காலுக்கு லூர்துசாமி டியூட்டிக்கு வந்தான். நான் நாற்காலியை விட்டு எந்திரிச்சேன், ஆனா வீட்டுக்குப் போகல. வெளிய போய் நின்னுக்கிட்டேன். காத்து கிளம்ப ஆரம்பிச்சிருந்துச்சு, ஓடுபாதைப் பக்கத்துல காத்துப் பை பாதி நிமிர்ந்துருச்சு. அவனும் வந்து ரெண்டடி தள்ளி நின்னான். ஒரு மணி அடிச்சுது. ஒண்ணு பத்து. ஒண்ணேகால். அப்புறம் தெற்கால ஒரு புள்ளி. "அதோ வருது"ன்னு அவன் சொன்னான். ரெண்டு வருஷத்துல எங்கிட்டச் சொன்ன முதல் வார்த்தை. "ஆமாப்பா"ன்னேன். குறுக்குக் காத்துல ஒரு தடவை இறக்கை சாய்ஞ்சு, நேராகி, சக்கரம் தரையைத் தொட்டுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. தூசின்னு லூர்துசாமிகிட்டச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் புள்ள பரீட்சையும் பாஸ் பண்ணிருச்சு. இதோட முடிஞ்சிருந்தா உங்ககிட்ட நியாயம் கேக்க எனக்கு ஒண்ணும் இருந்திருக்காது. ஆனா நான் லூர்துசாமி மேல போட்ட புகார் தபால்ல போய்ச் சேர்ந்திருச்சே. அடுத்த புதன்கிழமை மெட்ராஸ்ல இருந்து வைத்தீஸ்வரன்னு ஒரு மேலதிகாரி விசாரணைக்கு வந்து இறங்கிட்டார்.

சரியான ஆளுங்க அவர். வந்த உடனே டீ கூடக் குடிக்காம மில்லுக்குப் போயிட்டு வந்தார். ரிஜிஸ்டரைத் திறந்தார். "அடையாளம் அருகில் வைத்துப் பார்க்கப்பட்டது"ன்னு நான் எழுதினதை மூணு தடவை படிச்சார். மூக்குக் கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சார். "சென்னியப்பன், ஞாயித்துக்கிழமை சிம்னி விழுந்துருச்சு. திங்கள்ல இருந்து வியாழன் காலை வரைக்கும் நீங்க நாலாயிரம்னு எழுதியிருக்கீங்க. மூட்டம் இருந்ததாலயா, சிம்னி இல்லாததாலயா?"

"விதிப்படி எழுதினேன் சார்."

"அதைக் கேக்கல. மூட்டம் இருந்துச்சா?"

"சிம்னி தெரியல சார்."

அவர் விடல. நாலு நாள் தப்புன்னு ஆச்சுன்னா பத்தொன்பது வருஷக் கோடு போச்சு. அதோட நிக்காது. புகார் குடுத்தவனே பொய்யா எழுதினான்னு மாத்தல் போடுவாங்க, எங்கயோ அந்தமான் பக்கம். லூர்துசாமியைக் கூப்பிட்டுக் கேட்டார். "நான் மதியம்தான் சார் வர்றேன். மதியம் நல்லா இருந்துச்சு. காலையில எப்படின்னு எனக்குத் தெரியாது"ன்னு சொல்லிட்டு நகர்ந்துக்கிட்டான். அப்பக் காலையில பறக்க வந்த பைலட்டு யாருன்னு கேட்டார். ரிஜிஸ்டர்ல நாலு நாளும் ஒரே பேரு. தெய்வானையைக் கூட்டிட்டு வரச் சொன்னார்.

அந்தப் புள்ள வந்து நின்னுச்சு. என்னைப் பார்க்கல. அவர் கேட்டார், "நாலு நாளும் காலையில வந்திருக்கீங்க. முதல் மூணு நாள் பறக்காமத் திரும்பியிருக்கீங்க. வானம் எப்படி இருந்துச்சும்மா? யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப நீங்க லைசென்ஸ் வாங்கின பைலட்டு."

"மூட்டமா இருந்துச்சுங்க சார்"னு அந்தப் புள்ள சொல்லுச்சு. யோசிக்கவே இல்ல. "வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மேலதான் விலகுச்சு."

அவ்வளவுதான். காலையில மூட்டம், மதியம் தெளிவு, ரெண்டு பேர் எழுதினதும் சரின்னு முடிச்சுட்டார். மலையைப் பட்டியல்ல சேர்க்கச் சொல்லி எழுதிட்டு சாயங்கால ரயிலுக்குப் போயிட்டார். லூர்துசாமி எனக்கு முறுக்கு குடுத்தான்.

எனக்கு முறுக்கு இறங்கலைங்க தம்பி. கோபம் கோபமா வந்துச்சு. ஒரு பைலட்டு, அதிகாரி முன்னாடி நின்னு, வானிலையைப் பத்திப் பொய் சொல்றதா? மூட்டமாம், மூட்டம். அந்த நாலு நாளும் வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. மலை மேல கொடிமரம் தெரிஞ்சுது. எனக்குத் தெரியாதுங்களா? நான்தானே வெளிய நின்னு பார்த்தேன்.

நேரா கிளப்புக்குப் போனேன். பெட்டியைக் கட்டிக்கிட்டு இருந்துச்சு, மறுநாள் ஊருக்குக் கிளம்புது. கையில லைசென்ஸ் வந்தாச்சு, அப்பன் மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பி வேண்டாம்னு சொல்லிட்டாராம். அதெல்லாம் நான் கேக்கல. "ஏம்மா, விசாரணையில பொய் சொன்னே?"ன்னு கேட்டேன்.

அந்தப் புள்ளைக்குக் கோபம் வரலைங்க. சிரிக்கவும் இல்ல. மடிச்சுக்கிட்டு இருந்த துணியை அப்படியே வச்சுட்டு என் முகத்தைப் பார்த்துச்சு. "நாலு நாளும் நீங்க எனக்குச் சொன்னதைத்தான் சார், நான் அவருக்குச் சொன்னேன்."

நான் வெளிய வந்துட்டேன். சைக்கிள்ல ஏறி உக்காரத் தோணல, தள்ளிக்கிட்டே வீடு வரைக்கும் நடந்தேன். வெக்கமாப் போச்சுங்க. அந்த மார்ச் மாசமும் பிழைப் பட்டியல் வந்துச்சு. என் பேருக்கு நேரா கோடு இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் அந்தப் பட்டியலைப் பிரிச்சுப் பார்க்கறதையே விட்டுட்டேன்.